காங்கை அடங்கட்டும்

ஜமாலின் பிடரியில் புறங்கையை வைத்தேன். ஒரு நொடிதான் வைத்திருக்க முடிந்தது.

வைகாசி மாதத்து நண்பகல். வடமதுரை போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கப் படி. என் மகள் ஜெனியின் கல்யாணத்துக்கு பிரியாணி சமைக்க வந்திருந்த ஜமால், தம் போட்டு முடித்துவிட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார். பனியனின் கழுத்தோரம் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. துணி இன்னும் ஈரம். தோல் மட்டும் காய்ந்து கிடந்தது.

அவருடைய தம்பி அப்பாஸ் பக்கத்தில் நின்றார்.

"காங்கை அடங்கட்டும் சார்," என்றார். "செத்த நேரம் இப்பிடியே இருக்கட்டும். சரியாயிரும்."

நான் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். துடைப்பதற்குக் கையில் ஈரமே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

வெயில் வேறு, காங்கை வேறு

சென்னையிலிருந்து ஒரு வாசகர், போன வாரக் கட்டுரையில் நான் எழுதியிருந்த 'காங்கை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறார். அகராதியைப் பார்த்தால் மிகுந்த வெப்பம் என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். திண்டுக்கல்லில் அது இரண்டு சொல்லில் முடிகிற விஷயம் இல்லை.

வெயில் மேலேயிருந்து வருவது. குடை பிடித்தால் போய்விடும். காங்கை, சூடு வாங்கிய ஒரு பொருள் அதைத் திருப்பித் தருவது. பொழுது சாய்ந்த பிறகும் மலைக்கோட்டைப் பாறையிலிருந்து கீழேயுள்ள தெருக்களுக்கு இறங்கிவருவது காங்கை. பழைய பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்து எரியோடு ஊர் வரைக்கும் போனால் தொடை வழியாக ஏறுவது காங்கை. கான்கிரீட் வீட்டில் ஃபேனைப் போட்டதும் கூரையிலிருந்து கீழே தள்ளப்படுவதும் அதுதான்.

உடம்புக்கும் உண்டு. குழந்தையின் நெற்றியைத் தொட்டுவிட்டு, "காச்சல் இல்ல, காங்கையாத்தான் இருக்கு" என்பார்கள். காய்ச்சலுக்கு முந்தைய படி அது. கண் எரிந்தால் காங்கை. உள்ளங்கால் எரிந்தால் காங்கை. டாக்டரிடம் போகும் அளவுக்கு இல்லை, சும்மா விடும் அளவுக்கும் இல்லை என்கிற எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல் போதும்.

காங்கை பொருள்களுக்கும் ஆகாது. நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றிவரும் வேன்காரர்கள் மூட்டையை நெருக்கி அடுக்க மாட்டார்கள். குவிந்து கிடக்கும் மொட்டுக்குள்ளே காங்கை பிடித்துவிடும், ஊர் போய்ச் சேருவதற்குள் பழுப்பு தட்டிவிடும். வழியில் ஒரு தடவை வண்டியை நிறுத்திச் சாக்கின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். ஜெனியின் கல்யாணத்துக்கு வந்த பூவுக்கும் அப்படித் தெளித்துத்தான் கொண்டுவந்தார்கள். மண்டபத்து வாசலில் இறக்கும்போது சாக்கு சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கீழிருந்து வெட்டுவது

முப்பது வருஷம் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இருந்தேன். அங்கே காங்கை என்று யாராவது எழுதினால் நான் அடித்துவிடுவேன். வடமதுரை நிருபர் ஒருவர் வருஷா வருஷம் விடாமல் எழுதுவார். வருஷா வருஷம் நான் அதை 'கடும் வெப்பம்' ஆக்குவேன். வட்டாரச் சொல், எல்லோருக்கும் புரியாது என்பது எங்கள் கொள்கை. 'சுட்டெரிக்கும் வெயில்', 'பொதுமக்கள் அவதி' என்ற தலைப்புகள் பங்குனி பிறந்ததும் தாமாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

வெயிலில் செத்தவர்களின் செய்தியும் இப்படித்தான். 'மயங்கி விழுந்து இறந்தார்.' எதனால் மயங்கினார் என்று நிருபர் கேட்டிருக்க மாட்டார். நானும் கேட்கச் சொன்னதில்லை. நாலு வரிச் செய்திக்கு அது போதும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் டாக்டர் ஒருவர் வெப்ப மயக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வைத்தோம். பக்கம் முடிகிற நேரத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்தது. இடம் போதவில்லை. செய்தித்தாளில் இடம் போதாதபோது கீழிருந்து வெட்டுவார்கள். முக்கியமானது மேலே இருக்கும், கடைசிப் பத்தி போனால் குடிமுழுகாது என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை.

டாக்டர் பத்திரிகைக்காரர் இல்லை. அவர் முக்கியமானதைக் கடைசியில் வைத்திருந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தவருக்கு வேர்வை நின்று, தோல் காய்ந்து, பேச்சு குழறினால் அதுதான் ஆபத்து; ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று நாலு வரி. வெட்டுகிறவன் வெட்டுவதைப் படித்துவிட்டுத்தான் வெட்டுகிறான். அந்த நாலு வரி அச்சில் வரவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

ஜமாலின் அடுப்படி

ஜமாலை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அவருடைய தகப்பனாரும் கல்யாண வீடுகளுக்குச் சமைத்தவர். அண்ணனும் தம்பியும் ஒன்றாகவே போவார்கள். ஜமால் ஐம்பதைத் தொடாத ஆள், மெலிந்த உடம்பு. வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. என்னை எங்கே பார்த்தாலும், "என்னண்ணே, இன்னைக்கு யாரச் சாகடிச்சீங்க பேப்பர்ல?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் அடுப்படியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நெருப்பின் முன்னால் நிற்கிறவன் பச்சைத் தண்ணீரைத் தொடக் கூடாது. குடிக்கவும் கூடாது, முகம் கழுவவும் கூடாது. வேண்டுமானால் பால் இல்லாத டீ, சுடச் சுட. தம் போட்டு வெளியே வந்ததும் ஓரிடத்தில் உட்கார வேண்டும். வேர்வை காய வேண்டும். அதற்குப் பெயர் காங்கை அடங்குவது. அடங்கிய பிறகுதான் தண்ணீர். காங்கை அடங்காமல் தண்ணீர் பட்டால் அது உள்ளே இறங்கி ஜன்னி கண்டுவிடும் என்பார்கள்.

ஒரு தடவை நான் அவரிடம் இதெல்லாம் நிஜமா என்று கேட்டேன். "சூடேறுன வடச்சட்டியில பச்சத் தண்ணிய ஊத்திப் பாருங்கண்ணே," என்றார். "சட்டியே தாங்காது. மனுசன் தாங்குவானா?"

நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். மறுக்கவும் இல்லை. விறகடுப்புக்கு முன்னால் வருஷக்கணக்காக நிற்கிறவருக்கு நெருப்பைப் பற்றித் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

தார்ப்பாய்

அந்த மண்டபத்தின் சமையல் கொட்டகைக்குக் கூரையும் இரண்டு பக்கச் சுவரும் தகரம். மூன்றாவது பக்கம் மண்டபத்தின் சுவர். நாலாவது பக்கம் திறப்பு. காற்று வர இருந்த வழி அது ஒன்றுதான்.

மாதா கோவிலில் கல்யாணப் பூசை முடிந்து பதினொரு மணிக்கு எல்லோரும் மண்டபத்துக்கு வந்துவிட்டோம். கொட்டகைத் திறப்பின் வழியாக வெளியேறிய விறகுப் புகை, பக்கத்திலிருந்த கதவு வழியாகப் பந்திக்கூடத்துக்குள் வந்தது. ஏசி போட்ட கூடம். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பு. என் மனைவி ஸ்டெல்லா என்னிடம் வந்து புகைக்கு ஏதாவது செய்யுங்கள் என்றாள்.

நான் பின்னால் போய், திறப்பின் மேல் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை இறக்கிவிட முடியுமா என்று ஜமாலிடம் கேட்டேன்.

அவர் அரிசி வெந்த பதம் பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இறக்குங்கண்ணே. பொண்ணு கல்யாணம். இன்னும் அரை மணி நேரந்தான, தம் போட்டுட்டு வந்துருவேன்," என்றார்.

கயிற்றை அவிழ்த்தது நான்தான். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன்.

அரை மணி நேரம் முக்கால் மணி ஆயிற்று. தார்ப்பாய்க்கு உள்ளே மூன்று அடுப்புகள். தம் போடுவதென்றால் அண்டாவின் மூடி மேல் கங்குகளை அள்ளிப் போட வேண்டும். ஒவ்வோர் அண்டாவுக்கும் குனிந்து நிமிர வேண்டும். அப்பாஸ் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார், கறிவேப்பிலை, தயிர்ப் பச்சடி, தால்சா என்று வெளி வேலை அவருடையது. ஜமால் வெளியே வரவில்லை. முந்தைய நாளும் வேறொரு கல்யாணம். அதற்குச் சமைத்துவிட்டுச் சரியாகத் தூங்காமல் வந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படி

தார்ப்பாயை ஒதுக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது நான் அங்கே நின்றேன். பந்தியை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்கப் போயிருந்தேன். குடிப்பதற்காக ஒரு டம்ளர் தண்ணீர் கையில் இருந்தது.

ஜமால் அப்பாஸைப் பார்த்து உப்பு எடுத்துவரச் சொன்னார். தம் போட்ட பிறகு உப்புக்கு வேலை இல்லை. அப்பாஸ் சிரித்தார். ஜமால் மறுபடியும் உப்பு கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "வாங்கத்தா," என்றார். அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. அவருடைய அத்தா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது.

"கல்யாண வீட்டு டீயில என்னத்தக் கலந்தாங்கன்னு தெரியல," என்றார் அப்பாஸ். நானும் சிரித்தேன்.

ஜமால் படியில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். கையை நீட்டினார்.

"தண்ணி," என்றார்.

நான் அரை அடி முன்னால் போனேன்.

"குடுத்துராதீங்க சார்," என்றார் அப்பாஸ். சத்தம் போடவில்லை. ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கப் போகிறவரைத் தடுப்பதுபோலச் சொன்னார். "இம்புட்டு காங்கையில தண்ணி பட்டா ஜன்னிதான். அவரே நெதானத்துல இருந்தா வாங்க மாட்டாரு."

நான் டம்ளரைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தேன். ஜமாலின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் தானாக மடியில் விழுந்தது.

அப்போதுதான் பிடரியைத் தொட்டுப் பார்த்தேன். அப்பாஸும் தொட்டார். "பாத்தீங்களா, வேர்வை காஞ்சிருச்சு," என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேர்வை காய்ந்தால் காங்கை அடங்க ஆரம்பித்துவிட்டது என்று கணக்கு. அந்த அடுப்படியில் அதைத் தவிர வேறு கணக்கு கிடையாது.

எனக்கு அந்த நாலு வரி ஞாபகம் வந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், அப்புறம் வந்ததல்ல, அப்போதே வந்தது. டாக்டரின் கையெழுத்தோடு வந்தது. சொல்லலாமா என்று நினைத்தேன். இவர்கள் தொழில், இவர்கள் உடம்பு, பேப்பரில் படித்ததை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது என்றும் நினைத்தேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு உட்கார்ந்துவிட்டார்கள், வரவேற்க ஆள் இல்லை என்று மச்சினர் வந்து கூப்பிட்டார்.

போனேன். இலை இலையாக நின்று விசாரித்தேன். அப்பாஸ் அண்டாவைத் திறந்து பரிமாற அனுப்பிவிட்டு அண்ணனைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார். அவர் என்னைத் தேடிக் கூடத்துக்குள் ஓடிவந்தபோது நான் படியை விட்டு வந்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

ஜமால் படியில் சாய்ந்து கிடந்தார். கண் மேலே செருகியிருந்தது. வலது கால் வெட்டி வெட்டி இழுத்தது.

முதலில் செய்தது

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் மச்சினரின் காரில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் முதலில் செய்தது பனியனைக் கத்தரியால் கிழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியது. வாளி வாளியாக ஊற்றினார்கள். ஈரத் துணி போர்த்தி ஃபேனைத் திருப்பி வைத்தார்கள். அக்குளில் ஐஸ் வைத்தார்கள். தரையெல்லாம் தண்ணீர் ஓடி வராந்தாவுக்கு வந்தது. அப்பாஸ் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு செருப்பில்லாமல் நின்றார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எவ்வளவு நேரமாக நினைவில்லை என்று கேட்டார். நான் நேரத்தைச் சொன்னேன். வேர்வை எப்போது நின்றது என்று கேட்டார். அதையும் சொன்னேன். "தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டார். நானும் அப்பாஸும் தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்தோம். அவர் மறுபடி கேட்காமல் உள்ளே போனார்.

வராந்தாவில் என் செல்போன் அடித்தது. மண்டபத்திலிருந்து ஒரு நண்பர். பிரியாணி பிரமாதம், சமையல்காரர் நம்பர் கொடு என்றார்.

ஜமால் மறுநாள் காலை பத்து மணிக்கு இறந்தார். மேலே தண்ணீர் ஊற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார். அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார்.

நான் வேலை பார்த்த பத்திரிகையில் நாலு வரி வந்தது. கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் மயங்கி விழுந்து இறந்தார் என்று. விவரம் கேட்டு என்னிடம்தான் போன் செய்தார்கள். வெப்பத்தால் என்று சொன்னேன். அச்சில் அது இல்லை. கீழிருந்து வெட்டியிருப்பார்கள்.

திரைக்குப் பின்னால்

மூன்றாம் நாள் ஜமாலின் வீட்டுக்குப் போனேன். பேகம்பூர் பக்கம் ஒரு சந்து. கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும், வெளி ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. அதனால் ஜமாலின் மனைவி மும்தாஜ் உள்ளறையில் இருந்தார். வாசலில் ஒரு பச்சைப் போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். நான் இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பாஸ் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகச் சோறு தொடவில்லை, டீயை மட்டும் குடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே சொல்லியிருந்தார்.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அப்பாஸ் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். இனிமேல் வருவதையும் அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

திரைக்குப் பின்னால் வளையல் இல்லாத கை எதையோ நகர்த்தும் ஓசை கேட்டது. அப்புறம் மும்தாஜின் குரல் வந்தது. அழுகை இல்லை. தொண்டை கட்டியிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அப்பாஸுட்ட கேட்டுட்டேன். அவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். கடேசியா அவரு தண்ணி கேட்டாரா?"

அப்பாஸ் தலையை நிமிர்த்தவில்லை. கால் கட்டைவிரலைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். வருகிற வழியிலேயே அதை யோசித்து வைத்திருந்தேன். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். எந்தச் சாவு வீட்டிலும் வரும். ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு யோசித்து வைத்தது வாயில் வரவில்லை.

"கேட்டாரும்மா," என்றேன். "டம்ளர் என் கையிலதான் இருந்துச்சு. நான் குடுக்கல."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டேன். அது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

"நாந்தான் மதினி வேணாம்னேன்," என்றார் அப்பாஸ், தரையைப் பார்த்தபடி. "சாரு குடுக்கத்தான் வந்தாரு. நாந்தான் காங்கை அடங்கட்டும்னேன். வேர்வ காஞ்சதப் பாத்துட்டு நல்லாயிருவாருன்னு நெனச்சேன் மதினி."

திரை அசையவில்லை. சந்தில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். மும்தாஜ் எங்களை வைவார் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் அங்க இருந்திருந்தா நானும் குடுத்திருக்க மாட்டேன்," என்றது குரல்.

எங்களைத் தேற்றுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. தன்னையே விசாரித்துப் பார்த்து, கிடைத்த பதிலைச் சொன்னார். அடுத்து வந்த சொற்களின்போது குரல் முதல் முறையாக உடைந்தது.

"எந்திரிச்சுப் போயி சோறு தின்னு அப்பாஸு."